க்ரேஸ் சயாமாவும் பசை மேசைப் பெண்களும்

1

போன வாரம் விருதுநகரிலிருந்து என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். அவன் மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டாளாம். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் 'ஆக்குபேஷனல் ஹெல்த் நர்ஸ் பிராக்டிஷனர்' ஆக வேண்டும் என்கிறாளாம். "அக்கா, நீங்க யாங்கோன்ல அந்த வேலைதான பாக்குறீங்க? என்ன படிக்கணும், என்னென்ன செய்யணும்னு கொஞ்சம் எழுதி அனுப்புங்க" என்று கேட்டிருந்தான்.

இல்லை தம்பி, நான் அந்த வேலை பார்க்கவில்லை. அந்த வேலை பார்ப்பவள் க்ரேஸ். என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்தான் உன் அக்கா.

ஊரில் எல்லாரும் நான்தான் அது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் இத்தனை நாள் திருத்தவில்லை. நாலு பேர் உயர்வாக நினைப்பதை யார்தான் வலியப் போய்க் கெடுத்துக்கொள்வார்கள்? இன்றைக்குத் திருத்திவிடுகிறேன்.

2

மதுரையில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் ஏழு வருடம் நர்ஸாக இருந்தேன். கால் புண்ணோடு யாங்கோனிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துணைக்கு அவர் மகன் வந்தார். பெரியவரின் புண் ஆறிற்று, மகன் என் கழுத்தில் தாலி கட்டினார். அப்படித்தான் இந்த ஊருக்கு வந்தேன். அவருக்கு லான்மடாவில் ஒரு சின்ன அட்டைப்பெட்டிக் கடை. குடியிருப்பது க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்குப் பின்னால் மூன்றாம் மாடி.

வந்த புதிதில் நர்ஸாகப் பதிவு செய்ய ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். சான்றிதழை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். படித்த இடத்திலிருந்தே நேராகக் கடிதம் வர வேண்டும் என்றார்கள். கடிதம் வந்தது. உறை பிரிந்திருக்கிறது, செல்லாது என்றார்கள். மறுபடியும் வந்தது. இந்தத் தடவை என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'எஸ்' யார் என்று கேட்டார்கள். என் அப்பா என்றேன். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மாள் உண்மையிலேயே குழம்பிப்போனார். "உன் அப்பா ஏன் உன் சான்றிதழில் இருக்கிறார்? அவரும் நர்ஸ் படித்தாரா?" இங்கே யாருக்கும் இனிஷியல் கிடையாது, குடும்பப் பெயரும் கிடையாது. அந்த ஒற்றை எழுத்தை விளக்கி முடிப்பதற்குள் மகள் பிறந்துவிட்டாள். கோப்பு எங்கே இருக்கிறதோ, தெரியாது.

பிறகு லைங் தாயாவில் ஒரு காலணித் தொழிற்சாலையின் க்ளினிக்கில் வேலை கிடைத்தது. அட்டையில் 'சுகாதார உதவியாளர்' என்றுதான் போட்டிருந்தார்கள். போகட்டும் என்று விட்டேன். ஏனென்றால் அங்கே வேலை செய்யும் பெண்களெல்லாம் என்னை 'சயாமா' என்று கூப்பிட்டார்கள். டீச்சருக்கும் நர்ஸுக்கும் இங்கே அதுதான் மரியாதைச் சொல். காது, மூக்கு, வலி மூன்றுமே பர்மிய மொழியில் என் காதுக்கு ஒரே 'நா'வாகத்தான் கேட்கும். மூக்கடைப்புக்கு வந்தவளுக்குக் காதுச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அப்போதும் அவர்கள் சிரித்துக்கொண்டு 'சயாமா' என்றார்கள். எட்டு வருடம் அந்த க்ளினிக்கில் ஒரே சயாமா நான்தான்.

3

போன வருடம் வெளிநாட்டிலிருந்து எங்கள் செருப்பை வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். முறையாகத் தகுதி பெற்ற தொழில்நல நர்ஸ் இருந்தால்தான் ஆர்டர். வந்து சேர்ந்தாள் க்ரேஸ்.

தம்பி, உன் மகளுக்கு வேண்டிய விவரம் இது, குறித்துக்கொள். க்ரேஸ் இங்கேயே நர்சிங் பட்டம் படித்து, பதிவு பெற்று, ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்தாள். பிறகு வெளிநாட்டில் கப்பல் கட்டும் தளத்தின் க்ளினிக்கில் இருந்தபடியே தொழில்நலத்தில் மேல்படிப்பு. அதற்கும் மேலே, நோயாளியைத் தானே பரிசோதித்து, இன்ன நோய் என்று கண்டு, குறிப்பிட்ட அளவுக்கு மருந்தும் எழுதுகிற நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. பட்டம், பதிவு, அனுபவம், மேல்படிப்பு என்று நாலு படி. நான் முதல் படியில் என் அப்பாவின் எழுத்தோடு நின்றவள்.

வேலைகளும் சொல்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே காது கேட்கும் அளவு, மூச்சின் அளவு, கண், இரத்த அழுத்தம் எல்லாம் எடுத்து வைப்பாள். பின்னால் ஏதாவது குறைந்தால் அது வேலையால் குறைந்ததா என்று அப்போதுதான் தெரியும் என்பாள். தினமும் ஒரு மணி நேரம் தொழிற்கூடத்தில் நடப்பாள். நாற்காலி உயரம் பார்ப்பாள், டப்பாவின் லேபிளைப் படிப்பாள். நோய் வந்து திரும்பியவள் எந்த வேலைக்கு எப்போது போகலாம் என்று அவள்தான் முடிவு செய்வாள். மேலாளர் ஊ மியோ கேட்டால் 'வேலை செய்யலாம்', 'கூடாது', 'இந்த வேலை மட்டும் கூடாது' என்று மூன்றில் ஒன்றைச் சொல்வாள். என்ன நோய் என்று மட்டும் சொல்ல மாட்டாள். நான் எட்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் யாருக்கு என்ன நோய், யார் முழுகாமல் இருக்கிறாள் என்று முழுப் பட்டியலையும் அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று எனக்கு யாருமே சொன்னதில்லை.

இதோடு விட்டாளா? அவள் தாத்தா காலத்திலிருந்து மிஷன் பள்ளியில் படித்து, ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். பர்மிய மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் அதைவிட. தமிழ்தான் கொஞ்சம் தத்தக்கா பித்தக்கா. அங்கங்கே வாக்கியத்தைப் பர்மியர் மாதிரி, நம் 'சரிதானே' போல ஒரு 'நோ' போட்டு முடிப்பாள். ஆனாலும் என் மகளுக்கு அந்தத் தமிழ்தான் இனிக்கிறது. நான் தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்கிறவள், க்ரேஸ் வீட்டுக்கு வந்த அன்று உட்கார்ந்து ஒரு மணி நேரம் தமிழ் பேசினாள். பிறகு என்னிடம், "அம்மா, நீங்களும் க்ரேஸ் ஆன்ட்டியும் ஒரே வேலைதானா?" என்று கேட்டாள். நான் குழம்பைக் கிளறப் போய்விட்டேன்.

4

அவள் சேர்ந்த மூன்றாம் நாள். இங்கே வீடானாலும் க்ளினிக்கானாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அன்று வாசலில் பதினைந்து ஜோடி கிடந்தது. க்ரேஸ் உள்ளே வராமல் அவற்றையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த நாலு ஜோடிக்கு மட்டும் பின்னால ரப்பர் பேண்டு கட்டியிருக்கே, ஏன்?"

"ஃபெர்ரிய புடிக்க ஓடுறப்ப கழண்டுரக் கூடாதுன்னு கட்டிக்கிறாளுக" என்றேன். தொழிலாளர்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை இங்கே ஃபெர்ரி என்பார்கள்.

"எல்லா புள்ளைங்களும்தான ஓடுது? மத்த புள்ளைங்க கட்டலையே?"

நாலு ஜோடியும் பசை மேசைப் பெண்களுடையவை. நம் ஊரில் 'சொல்யூஷன்' என்போமே, அதைத் தூரிகையால் தொட்டு அடிப்பாகத்தில் பூசி ஒட்டுகிற மேசை. அந்த நால்வரில் ஒருத்தியை க்ரேஸ் கூப்பிட்டாள். மா ஏய் என்று பெயர், கியாக்தான் என்ற ஊர்க்காரி, இருபது வயது. பவுடருக்குப் பதில் தனாக்கா மரப்பட்டை அரைத்த சாந்தை இரண்டு கன்னத்திலும் இலை வடிவத்தில் தீட்டிக்கொண்டு வருவாள். க்ரேஸ் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"செருப்பு கழண்டு விழுந்தா உனக்குத் தெரியுதா?"

மா ஏய் சிரித்தாள். "தெரியாது சயாமா. பின்னால வர்றவங்கதான் கூப்பிட்டுச் சொல்லுவாங்க. அதான் கட்டிக்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அது என்னுடைய கேள்வி. மதுரையில் ஏழு வருடம் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியிடமும் முதலில் அதைத்தான் கேட்பேன். காலில் உணர்ச்சி குறைந்தால் முதலில் செருப்புத்தான் காட்டிக்கொடுக்கும். ஐம்பது தாண்டியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதால், இருபது வயதுப் பெண்ணிடம் கேட்கத் தோன்றவே இல்லை. அந்த ரப்பர் பேண்டுகளைத் தாண்டித்தான் எத்தனை மாதமாக உள்ளே போய் வந்திருக்கிறேன்! என் கேள்வியை என் வாசலிலேயே வைத்து அவள் கேட்டுவிட்டாள்.

பசையில் கலக்கும் சில கரைப்பான்கள் நரம்பைத் தின்னும், கால் விரலில் ஆரம்பித்து மேலே ஏறும் என்று க்ரேஸ் சொன்னாள். "அக்கா, உங்க பழைய நோட்டு வேணும் நோ. யாருக்கு எப்ப ஆரம்பிச்சுதுன்னு பாக்கணும்."

"வீட்டுல கிடக்கும், தேடிப் பாக்குறேன்" என்றேன். நோட்டு என் இழுப்பறையில்தான் இருந்தது. அதில் மா ஏய்யின் பெயர் ஐந்து தடவை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஐந்து தடவையும் என் கையெழுத்தில் ஒரே வரிதான்: கால் மதமதப்பு, பி-ஒன் ஊசி.

5

க்ரேஸ் மேலாளருக்குக் கடிதம் கொடுத்தாள். பசையை மாற்ற வேண்டும், அதுவரை அந்த மேசையை நிறுத்த வேண்டும், பெண்களை நரம்பு டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மறுநாள் ஊ மியோ என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தேநீர் வரவழைத்தார். எட்டு வருடத்தில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் தேநீர் அதுதான்.

"புதுசா வந்த சயாமா இப்பிடிச் சொல்றாங்க. கப்பலுக்கு நாள் குறிச்சாச்சு. எட்டு வருஷமா பாக்குறவங்க நீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் மனசு அதற்கு முன்பே 'அவள் சொல்வதுதான் சரி' என்று சொல்லிவிட்டது. ஆனால் அவர் என்னைக் கேட்டார். பட்டம் வாங்கியவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். அந்த ருசியில் வாய் தானாகத் திறந்தது.

"பி-ஒன் சத்து குறைவு. காலையில சாப்பிடாம வர்றாங்க. மாத்திரை குடுத்தா சரியாயிடும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது அவருக்கு. உடனே மாத்திரைப் பெட்டிகளுக்கு ஆர்டர் போட்டார். பசை மேசை விஷயத்தை இனிமேல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும், க்ரேஸ் மற்றதைப் பார்க்கட்டும் என்றார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மகளுக்குப் பிடித்த மொஹிங்கா, அந்த மீன்குழம்பு நூடுல்ஸ், வாங்கிப் போனேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தோஷமாக இருந்தது உண்மை.

க்ரேஸ் சண்டை போடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அக்கா, நீங்க உண்மையிலேயே அப்பிடித்தான் நெனைக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எட்டு வருஷமா பாக்குறேன்மா."

"சரி நோ, அக்கா."

அன்றே அவள் தன் கைக்காசில் இரண்டு மேசை விசிறி வாங்கி வந்து பசை மேசையருகே வைத்தாள். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னாள். மேலாளருக்கு இரண்டாவது கடிதம் கொடுத்தாள். நான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

6

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் மா ஏய் தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மாத்திரையை எடுக்கத் திரும்பிய நான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து என் மேசை வரை வெள்ளை டைல்ஸில் சிவப்பாக நாலைந்து தடம். வலது கால் தடம் மட்டும்.

"மா ஏய், கால காட்டு."

அவள் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் ஒரு சிறிய ஆணி, தலை வரைக்கும் ஏறியிருந்தது. குதிகால் அடிக்கிற பிரிவிலிருந்து தரையில் சிதறும் ஆணி அது; பசை மேசையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள். எங்கே ஏறியது, எப்போது ஏறியது, எவ்வளவு நேரம் அதன்மேலேயே நடந்தாள், ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. "ஐயோ சயாமா, தரையெல்லாம் அழுக்காக்கிட்டேனே" என்று தன் லொங்ஜி நுனியால் துடைக்கக் குனிந்தாள்.

ஆணியை நான்தான் பிடுங்கினேன். வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெட்டனஸ் ஊசி போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினேன்.

தொழிற்கூடத்தைச் சுற்றிவிட்டு க்ரேஸ் வந்து உட்கார்ந்ததும், இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து அவள் மேசையில் வைத்தேன். "வீட்டுல இல்ல. இங்கதான் இருந்துச்சு. நான் அவர்கிட்ட சொன்னதும் பொய்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எழுத்து தமிழ்ல இருக்கு அக்கா. பக்கத்துல உக்காந்து படிச்சுச் சொல்றீங்களா?" என்றாள்.

உட்கார்ந்து படித்தேன். எட்டு மாதம், பதினோரு பெண்கள், எல்லாரும் ஒரே மேசை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். ஒவ்வொரு 'பி-ஒன் ஊசி'யையும் நானே என் வாயால் வாசிக்க வேண்டியிருந்தது.

7

நரம்பு டாக்டரும் அவள் சொன்னதையே சொன்னார். ஊ மியோவிடம் நானே போய், அன்றைக்குச் சொன்னது தப்பு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். வாங்குகிறவர்களின் ஆள் ஒருவர் வந்தார். பசை மாறியது, உறிஞ்சு குழாய் வைத்தார்கள், பதினோரு பெண்களும் சம்பளம் குறையாமல் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள்.

வந்த ஆள் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார். "எட்டு மாதம் இதை யாரும் ஏன் கண்டுபிடிக்கவில்லை?" பதிலைச் சொன்னது க்ரேஸ். "இவங்க ஒரு நாள் விடாம எழுதி வச்ச நோட்டு இது. இது இல்லைன்னா இன்னும் எட்டு மாசம் ஆகியிருக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். நான் அந்த நோட்டை ஒளித்து வைத்திருந்ததைச் சொல்லவே இல்லை.

நன்றி தோன்ற வேண்டும் அல்லவா? தோன்றியது. அதற்கு முன்னால் தோன்றியது வேறு. நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. அறிக்கையில் என் பெயரையும் போட வேண்டும் என்று அவள் கேட்டாள். பதிவு பெற்றவர்கள் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் நோட்டிலிருந்து எழுந்த அறிக்கையில் அவள் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அந்தக் கையெழுத்தும் அழகாக இருக்கிறது, பாவி.

மா ஏய்யிடம் மட்டும் நானே தனியாகச் சொன்னேன். "நான் போட்டதெல்லாம் தப்பான ஊசி. க்ரேஸ் சயாமா முதல் நாளே சரியாச் சொன்னாங்க. நான்தான் தடுத்தேன்." அவள் "யபாடே, சயாமா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். "கால்ல உணர்ச்சி திரும்ப வருமா?" என்று கேட்டாள். க்ரேஸ் எனக்குச் சொன்னதை அவளிடம் சொன்னேன். பசையை விட்டாலும் கொஞ்ச நாளைக்கு இன்னும் மோசமாகும், பிறகு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. அவள் தலையை ஆட்டினாள்.

8

இப்போது வாரம் இரண்டு முறை அவர்களுக்குக் காலில் உணர்ச்சி பார்க்கிறோம். செவ்வாய்க்கிழமை க்ரேஸ், வெள்ளிக்கிழமை நான். தூரிகையின் ஒற்றை மயிர் மாதிரி ஒரு நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லி, கால் விரல்களில் அதை லேசாக அழுத்த வேண்டும். தெரிந்தால் ஒரு குறி, தெரியாவிட்டால் வட்டம்.

ஒரு மாதம் கழித்து மா ஏய்யின் தாளை எடுத்துப் பார்த்தேன். க்ரேஸின் பக்கத்தில் வட்டம், வட்டம், வட்டம். என் பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் குறி கூடிக்கொண்டே வந்திருந்தது. தம்பி, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். மதுரையில் ஏழு வருடம் பிடித்த இழை அது. பட்டம் படித்த கைக்கு வராதது என் கைக்கு வருகிறது! தாளை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் போனேன்.

"பாத்தியாம்மா, எங்கிட்ட தேறிக்கிட்டு வர்றா."

க்ரேஸ் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தாள். "அக்கா, நீங்க தொட்டுட்டு 'தெரியுதா'ன்னு கேப்பீங்களா?"

"கேக்காம எப்பிடி?"

"நான் கேக்கறதில்ல. தெரியறப்ப அந்தப் புள்ளையே சொல்லட்டும்னு சும்மா இருப்பேன். கேட்டா, இல்லன்னு சொல்றதுக்கு அதுக்கு அனாடே, அக்கா. உங்க மனசு நோகும்னு நெனைக்கும்."

அனாடே. பிறர் மனம் நோகக் கூடாதென்று கூசுவதற்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் சொல். எனக்குத் தெரியாத சொல்லா? பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன். இந்த மண்ணில் பிறந்த மிதப்பில் இதையும் எனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று எரிச்சலோடு வந்தேன். அவள் சொன்னது பொய் என்று காட்டிவிட வேண்டும் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மா ஏய் வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். கண்ணை மூடச் சொன்னேன். மூடிக்கொண்டாள். இழையை அவள் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியுதா?"

"தெரியுது, சயாமா."

நான் அசையவில்லை. அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"போன வாரத்தவிட நல்லா தெரியுது, சயாமா."

நான் இன்னும் தொடவே இல்லை.